சொந்தக்காரர் இல்லாத ஊர்களில் பன்னிரண்டு இரவு

நான் மூன்று முறை லண்டன் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூன்று கிழமை நின்றேன். ஆனாலும் பிரித்தானியாவைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தது என் கணவரின் அண்ணன் வீட்டுக் குசினியை. முதல் முறை ஒரு கல்யாணம், அடுத்த முறை பெரிய பிள்ளையான ஒருத்தியின் சாமத்திய வீடு, மூன்றாம் முறை ஒரு செத்த வீட்டின் அந்தியேட்டி. மூன்றுக்கும் உரித்த வெங்காயம் ஒன்றுதான்.

விமான நிலையத்துக்கு அந்த அண்ணன், எனக்கு அத்தான், வந்து ஏற்றுவார். அடுத்த நாள் யார் வீட்டில் மதியச் சாப்பாடு, அதற்கடுத்த நாள் யார் வீட்டில் தேநீர் என்று நாங்கள் இறங்குமுன்பே முடிவாகியிருக்கும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் காரின் பின் இருக்கையில் போவோம். ஒருமுறை அந்தப் பின் இருக்கையிலிருந்து, "ஸ்கொட்லாந்து இஞ்சயிருந்து எவ்வளவு தூரம் அத்தான்?" என்று கேட்டேன்.

"அங்க ஆர் இருக்கினம் எங்கட ஆக்கள்?" என்றார் அவர்.

யாரும் இல்லை. கதை அத்தோடு முடிந்தது.

நான் சிட்னியில் முதியவர்களை ஏற்றி இறக்கும் சிறிய பஸ் ஓட்டுகிறேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் வேலை. ஸ்ட்ராத்ஃபீல்டிலும் சுற்றுப்புறத்திலும் தனியாக இருக்கும் வயதானவர்களை வைத்தியரிடம், கடைக்கு, நூலகத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது. நடைவண்டியை மடித்து ஏற்றவும், ஒடுங்கிய தெருவில் குப்பை வண்டிக்கு வழிவிட்டுப் பின்னால் எடுக்கவும், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பொறுமையாக நிற்கவும் எனக்குத் தெரியும். இதுவரை ஒரு கீறல் விழுத்தியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறகு கணவரும் அத்தானும் என்னைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டபோது எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பது விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீண்டகாலச் சேவைக்கான விடுமுறை கிடைக்கும் என்று வேலையிடத்தில் கடிதம் தந்த அன்று பின்னேரம், சாப்பாட்டு மேசையில் கணவரிடம் சொன்னேன்.

"ஒக்டோபரில லண்டன் போவம். மூண்டு நாள் அத்தான் வீட்டில நிப்பம். பிறகு ஒரு கார் எடுத்து யோர்க், எடின்பரோ, ஸ்கொட்லாந்து மலைப்பக்கம், வேல்ஸ் எல்லாம் சுத்தி வருவம். பன்னிரண்டு இரவு. அறையெல்லாம் இப்பவே புக் பண்ணப்போறன்."

அவர் கையிலிருந்த அப்பளத்தை உடைக்காமல் வைத்தார்.

"ஆர் கார் ஓடுறது?"

அன்று காலையும் பதினொரு பேரை ஏற்றி இறக்கிவிட்டு வந்திருந்தேன். சீருடைகூட இன்னும் மாற்றவில்லை. அவரே என் சட்டையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுக்கில்லை. அண்ணை வீடு இருக்க ஹொட்டலில நிண்டா அவர் என்ன நினைப்பார்?" என்றார் மெதுவாக.

என் கணவர் கெட்டவர் அல்ல. தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன்தான் அவரை வளர்த்தார். அறுபத்திரண்டு வயதிலும் தொலைபேசியில் அண்ணனின் குரல் கேட்டால் கதிரையை விட்டு எழும்பி நின்றுதான் கதைப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்: "நினைக்கிறதை நினைக்கட்டும்."

வேறு நேரமாக இருந்தால் போகிற இடத்தில் அறை பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் நினைத்திருப்பேன். ஆனால் ஒக்டோபர் கடைசியில் இங்கிலாந்தில் பள்ளிக்கூட விடுமுறை வருகிறது. பிள்ளைகுட்டிகளோடு எல்லோரும் வெளிக்கிடுவார்கள். ஸ்கொட்லாந்தின் மலைப்பக்கத்திலோ மாதம் முடியவே பல விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே புகுந்து வரவேண்டும். பின்னேரம் ஆறு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் எந்த நாளும் நான்கு மணிக்குள் போய்ச் சேரவேண்டும். மேசையில் வரைபடத்தை விரித்துவைத்து, பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் ஓர் இரவுக்கு ஒரு பக்கம் என்று பிரித்தேன். யூன் மாதக் குளிரில், காலில் கம்பளிக் காலுறையோடு, உலகின் மறுபக்கத்து இலையுதிர்காலத்துக்குத் திட்டம் போட்டேன்.

மெல்பேர்னில் இருக்கும் மகள் வீடியோவில் வந்து, "அம்மா, ஜஸ்ட் யூஸ் த ஆப். டென் மினிட்ஸ்ல முடிஞ்சிடும். நான் புக் பண்ணித் தாறன்" என்றாள்.

"வேண்டாம். நானே செய்யிறன்."

"ஒய்?"

ஏன் என்று அவளுக்கு விளக்க எனக்கு வரவில்லை. என் வாழ்க்கையில் நான் தங்கிய ஓர் இடத்தைக்கூட நானே தேர்ந்தெடுத்தது கிடையாது. கல்யாணம் செய்து போன வீடு, இடம்பெயர்ந்து போன வீடுகள், சிட்னியில் வந்து இறங்கிய முதல் அறை, எல்லாவற்றையும் வேறு யாரோ பார்த்து வைத்திருந்தார்கள். இந்தப் பன்னிரண்டையும் நான்தான் பார்ப்பேன்.

அதனால் பெரிய ஹொட்டல்களை விட்டுவிட்டு, குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே நடத்தும் சிறிய தங்குவிடுதிகளாகப் பார்த்துத் தொலைபேசி எடுத்தேன். வேலை முடிந்து வந்து ஏழு மணிக்கு எடுத்தால் அங்கே காலை பத்து மணி. விடுதிக்காரர் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி முடித்துவிட்டு ஆறுதலாக இருக்கும் நேரம் அது. கார் விட இடம் உண்டா? அறை எத்தனையாம் மாடி? கணவருக்கு முழங்கால் நோ, படி அதிகம் ஏறமாட்டார். கடைசியாக, எப்போதும் ஒரே கேள்வி: காலைச் சாப்பாடு நீங்கள் செய்து தருவீர்களா?

செய்து தருவோம் என்று சொல்லாத இடத்தை நான் எடுக்கவில்லை. குசினி உள்ள வீடுகள் வாடகைக்கு இருந்தன, நல்ல இடங்களில். அவற்றை ஒன்றுக்கு இரண்டு தரம் பார்க்காமல் தள்ளினேன். முப்பத்தைந்து வருடமாகச் சமைக்கிறேன். இந்தப் பன்னிரண்டு காலையும் வேறு யாராவது அடுப்பு மூட்டட்டும்.

செய்தி லண்டனுக்குப் போக இரண்டு நாள்தான் எடுத்தது. அத்தான் என்னைத்தான் கூப்பிட்டார்.

"பிள்ளை, என்ன இது? நாலு அறை வீட்டை வைச்சுக்கொண்டு நான் இருக்க, நீங்கள் வெள்ளைக்காரன்ர வீட்டில அறை எடுக்கிறியளாம். ஆக்கள் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"மூண்டு நாள் உங்களோடதானே அத்தான் நிக்கிறம்."

"மூண்டு நாளோ! அதுவும் அந்த ரோட்டுகளில பொம்பிளை கார் ஓடுறதோ? மழை, பனி, ஒண்டும் உங்களுக்குத் தெரியாது. சும்மா விசர்வேலை பாக்காமல் எல்லாத்தையும் கான்சல் பண்ணுங்கோ. நான் பஸ் டூர் ஒண்டில போட்டுவிடுறன்."

"இல்லை அத்தான். போட்டாச்சு."

உண்மையில் அன்று ஐந்து இரவுக்குத்தான் போட்டிருந்தேன். தொலைபேசியை வைத்த கையோடு ஆறாவதையும் ஏழாவதையும் போட்டேன்.

அடுத்த ஞாயிறு அவருடைய மனைவி கூப்பிட்டா. நான் அவவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குரல் தாழ்ந்திருந்தது, அத்தான் வெளியே போயிருக்க வேண்டும். கோபிக்கப் போகிறா என்று நினைத்தேன். அவ கேட்டது வேறு.

"அங்க காலமைச் சாப்பாடு ஆர் செய்யிறது?"

"அவைதான் அக்கா. மேசையில கொண்டுவந்து வைப்பினம்."

"கோப்பை கழுவுறது?"

"அதுவும் அவைதான்."

"படுக்கை?" என்றா பிறகு.

"நாங்கள் வெளியில போக வந்து விரிச்சுவிடுவினம்."

"ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா. அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை கூப்பிட்டு, எந்த ஊர் முடிந்தது, எந்த அறை, யன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டிருந்தா. என் கணவர்கூட அப்படிக் கேட்டதில்லை.

யோர்க் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் இரண்டு இரவுக்கு ஓர் அறை போட்டிருந்தேன். கல் வீடு, பின்னால் ஆறு. போட்ட அடுத்த நாள் அந்த வீட்டு அம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என் பெயரைப் பார்த்திருப்பா. அறைக்குள் சமைக்கவேண்டாம் என்றும், மணம் கூடிய உணவுகளைக் கொண்டுவரவேண்டாம் என்றும், முன்பு ஒரு குடும்பம் வந்துபோன பிறகு திரைச்சீலையெல்லாம் கறி மணம் பிடித்துவிட்டது என்றும் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தா. கடைசியில் ஒரு சிரிப்புமுகம் வேறு.

மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "தட்ஸ் ரேசிஸ்ட், அம்மா. கான்சல் இட். ரிவியூ எழுது."

கணவரும் அன்றைக்கு மகளின் பக்கம். "மதிக்காத வாசலை ஏன் மிதிக்கவேணும்?" என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆற்றங்கரையில் உள்ள அந்த அறையை நான் தேடிக் கண்டுபிடித்தேன். அவ ஒரு வரி எழுதிவிட்டா என்பதற்காக நான் ஏன் இடத்தைக் காலி பண்ணவேண்டும்? காலி பண்ணி ஓடுவதை நான் என் இருபதுகளிலேயே போதுமான அளவு செய்துவிட்டேன். இருந்து, ஒவ்வொரு சொல்லாக யோசித்து, பதில் எழுதினேன்.

"அம்மையாருக்கு. உங்கள் கடிதம் கிடைத்தது. நான் முப்பத்தைந்து வருடமாக ஒவ்வொரு நாளும் சமைக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வருவதே சமைக்காமல் இருப்பதற்காகத்தான். ஆகவே நான் உங்கள் அறையில் சமைக்க மாட்டேன். நீங்கள்தான் எனக்குச் சமைக்கப் போகிறீர்கள். உங்கள் சமையலின் மணம் என் உடுப்பில் பிடித்தால் நான் குறை சொல்ல மாட்டேன்."

மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் ஒரு வரி வந்தது: "முட்டை எப்படி வேண்டும்?"

"நன்றாக வெந்ததாக" என்று எழுதினேன்.

ஓகஸ்ட் முடியுமுன் பன்னிரண்டு பக்கமும் நிரம்பிவிட்டன. கியர் மாற்றத் தேவையில்லாத கார் அங்கே குறைவு என்பதால் அதையும் அப்போதே சொல்லிவைத்தேன்.

ஒக்டோபர் நடுவில் ஒரு புதன்கிழமை லண்டனில் இறங்கினோம். அத்தான் வழமைபோல வந்து ஏற்றினார். வழியெல்லாம் சுற்றுலாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது எனக்கு நல்லதாகப் படவில்லை. வியாழன் பின்னேரம், தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"சனிக்கிழமை மத்தியானம் இருபத்தைஞ்சு பேருக்குச் சொல்லியிருக்கிறன். நீங்கள் வந்திருக்கிறியள் எண்டு எல்லாருக்கும் பாக்க விருப்பம்."

நாங்கள் வெளிக்கிடுவது சனிக்கிழமை காலை. அது அவருக்குத் தெரியும். என் கொப்பியின் முதல் பக்கத்தை நானே படம் பிடித்து அனுப்பியிருந்தேன்.

"அத்தான், அண்டைக்குக் காலமை நாங்கள் யோர்க் போறம்."

"ஒரு நாள்தானே. ஞாயிறு போனா என்ன, யோர்க் ஓடியே போகுது?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கோப்பைக்குள் பார்த்தார். "ஒரு நாள் தள்ளுவமே..." என்றார்.

அறைக்குள் வந்து கொப்பியை விரித்து அவருக்குக் காட்டினேன். யோர்க்கை ஒரு நாள் தள்ளினால் கல் வீடு போய்விடும். கல் வீடு போனால் எடின்பரோ. விடுமுறை நாட்களில் எங்கும் வேறு அறை இல்லை. அப்போதே தொலைபேசியில் தேடியும் பார்த்துவிட்டேன். ஒரு இரவை உருவினால் பன்னிரண்டும் சரியும்.

"எனக்கு விளங்குது. ஆனா அண்ணை ஆக்களைக் கூப்பிட்டிட்டார். நான் எப்படி அவரை விட்டிட்டு வாறது?" என்றார்.

"அவர் உங்களைக் கேட்டுக் கூப்பிட்டவரோ?"

"இல்லை."

"என்னைக் கேட்டவரோ?"

"இல்லை. நீர் சொல்லுறது சரி. ஆனா..."

அந்த 'ஆனா'வோடு நான் முப்பத்தைந்து வருடம் வாழ்ந்திருக்கிறேன். அன்றைக்கு அது போதும் என்று ஆகிவிட்டது. "அப்ப நீங்கள் நில்லுங்கோ. நான் போறன்" என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை நான் போய்க் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டபோதும் நம்பவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணி. மெல்லிய தூறல். அத்தான் முன் அறையில் கதிரைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்: "போட்டு வாறன் அத்தான்." அவர் நிமிரவில்லை. கணவர் பெட்டியைத் தூக்கிக் காருக்குள் வைத்தார். "கவனம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஆனால் அவர் காருக்குள் ஏறவில்லை; நானும் இறங்கவில்லை.

இருக்கையைச் சரிசெய்து, கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருக்கையில் மற்றப்பக்கக் கதவு திறந்தது. அக்கா. நீலக் குளிர்கோட்டு, தோளில் அவ கோயிலுக்குப் போகும்போது கொண்டுபோகும் பெரிய பை. ஏறி இருந்து கதவைச் சாத்தினா.

"நானும் வாறன்."

"அக்கா, இருபத்தைஞ்சு பேர்!"

"தெரியும்."

யன்னலை இறக்கி, வாசலில் வந்து நின்ற அத்தானைப் பார்த்து, வழமையான குரலில் சொன்னா: "மரக்கறி எல்லாம் வெட்டி ஃபிரிட்ஜுக்க வைச்சிருக்கு. மீன் கழுவியிருக்கு. தூள் இடதுபக்க அலுமாரியில. ஏலாதெண்டால் கடைக்குச் சொல்லுங்கோ, கொண்டுவந்து தருவாங்கள்."

"உனக்கென்ன விசரே? இறங்கு!" என்றார் அத்தான்.

"முப்பத்தியிரண்டு வருசமா வாறவைக்கெல்லாம் சமைச்சனான். ஒருத்தரையும் நீங்கள் என்னைக் கேட்டுக் கூப்பிடேல்லை. இண்டைக்கு நான் உங்களைக் கேக்காமல் போறன்." பிறகு என் பக்கம் திரும்பி, "எடு தங்கச்சி" என்றா.

எடுத்தேன். தெருவின் முடிவில் இடப்பக்கம் திரும்பியபோது கண்ணாடியில் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் தூறலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

நெடுஞ்சாலையின் முதல் ஓய்விடத்தில் கார் நிறுத்திக் கோப்பி வாங்கிக் கொடுத்தபோது அக்கா கேட்டா: "அறையள் உன்ர புருசன் பேரில எல்லே இருக்கும்? என்னை விடுவினமோ?"

"என்ர பேரில அக்கா. ரெண்டு பேர் எண்டு போட்டிருக்கு. எந்த ரெண்டு பேர் எண்டு போடேல்லை."

முதல் முறையாகச் சிரித்தா.

யோர்க்கில் முதல் காலை கண்விழித்தபோது அக்கா எழும்பிக் குளித்து, தன் பக்கத்துப் படுக்கையை மடித்து, குளியலறைத் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தா. சாப்பிட்டு முடிந்ததும் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு குசினிக் கதவுப் பக்கம் நடந்தா. நான் எழும்பிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"இருங்கோ அக்கா."

"சும்மா இருக்க என்னவோ மாதிரி இருக்கு."

"ஓம். பழகுங்கோ."

எனக்கும் பழக்கம் இல்லைதான். அன்று முழுதும் நகரத்துப் பழைய மதிலின் மேல் நடந்தோம். மஞ்சள் இலைகள் கல்லில் ஒட்டிக் கிடந்தன. வழுக்கும் என்று இருவரும் கை கோர்த்துக்கொண்டோம். இடையிடையே, அந்த இருபத்தைந்து பேரும் நேற்று எங்களைப் பற்றி என்ன கதைத்திருப்பார்கள் என்று நினைப்பேன். பிறகு, சாப்பிட்டுக்கொண்டுதானே கதைத்திருப்பார்கள், கதைக்கட்டும் என்று நினைப்பேன்.

கல் வீட்டு அம்மா நான் நினைத்ததைவிட வயதானவ. கதவைத் திறந்ததும் எங்கள் கைகளைத்தான் முதலில் பார்த்தா. பொதி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாவோ என்னவோ. காலையில் நன்றாக வெந்த முட்டை வந்தது. அக்கா தன் கைப்பையிலிருந்து மிளகாய்ச் சோஸ் போத்தலை எடுத்து மேசையின் நடுவில் வைத்தா. நான் தடுக்கவில்லை. அந்த அம்மா போத்தலைச் சுற்றித் தேநீர்க் கோப்பைகளை வைத்தா.

இரண்டாம் காலை, தேநீர் ஊற்றிக்கொண்டே அவ கேட்டா: தன் கணவருக்குக் கறி என்றால் உயிராம், ஒருநாள் சரியான முறையில் எப்படிச் செய்வது என்று காட்ட முடியுமா, வேண்டுமானால் இன்றைக்கே குசினியைத் தருகிறாவாம். நல்ல மனதோடுதான் கேட்டா. தன் மின்னஞ்சலுக்குப் பரிகாரமாகக் கூட இருக்கலாம்.

"மன்னிக்கவேண்டும். நான் விடுமுறையில் இருக்கிறேன்" என்றேன்.

அவவின் முகம் சிவந்தது. இன்னும் இரண்டு துண்டு வாட்டிய பாண் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா. காருக்குள் ஏறியதும் அக்கா கோட்டுக் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தா, கண்ணீர் வரும்வரை. "அப்படிச் சொல்லலாமெண்டு எனக்குத் தெரியாமல் போச்சே" என்றா. மைல் கணக்காக அதையே சொல்லிக்கொண்டு வந்தா.

கணவர் ஒவ்வொரு பின்னேரமும் கூப்பிடுவார். எங்கே நிற்கிறோம், மழையா, காருக்கு எண்ணெய் இருக்கிறதா. அத்தான் தொலைபேசிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் எடின்பரோவில் இருக்கும்போது, கணவர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "பருப்புக்கு உப்பு எப்ப போடுறது?"

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் கேட்டேன். அவ கட்டிலில் காலை நீட்டி, வானம் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தா.

"அவிஞ்சாப் பிறகு எண்டு சொல்லு" என்றா. "மற்றதெல்லாத்தையும் தாங்களாக் கண்டுபிடிக்கட்டும்."

ஸ்கொட்லாந்து மலைப்பக்கத்தில் சில சாலைகள் ஒரு கார் அளவுதான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு இடையிடையே சின்ன இடம் விட்டிருப்பார்கள். யாருக்கு அது கிட்டவோ அவர் பின்னால் எடுக்கவேண்டும். ஏரிக்கரையில் அப்படியொரு வளைவில், வீடு மாதிரிப் பெரிய வாகனம் ஒன்று எதிரே வந்து நின்றது. ஒதுங்கும் இடம் அதற்குப் பின்னால் பத்தடியில் இருந்தது. எனக்குப் பின்னால் அரை மைலுக்கு ஒன்றுமில்லை. ஓட்டி வந்த மனிதர் எங்களைப் பார்த்தார். கையால், பின்னால் போ, போ என்று விரட்டினார்.

"விடு தங்கச்சி, நாங்களே போவம்" என்றா அக்கா, இருக்கையை இறுகப் பிடித்தபடி.

என்னால் போயிருக்க முடியும். அரை மைல் என்ன, இரண்டு மைல் பின்னால் எடுத்திருப்பேன். அதனால்தான் போகவில்லை. என்ஜினை நிறுத்தினேன். பின்னால் இருந்த தெர்மோஸை எட்டி எடுத்து அக்காவுக்கு ஒரு தேநீர், எனக்கு ஒரு தேநீர் ஊற்றினேன். அந்த மனிதர் ஹோர்ன் அடித்தார். நான் கையை உயர்த்தி, அவருக்குப் பின்னால் இருந்த இடத்தைக் காட்டினேன். இரண்டாவது மிடறு குடிக்கும்போது பெரிய வாகனம் மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. கோணலாகத்தான் எடுத்தார். கடந்து போகையில் நன்றி சொல்லித் தலையசைத்தேன்.

அன்று பின்னேரம் விடுதி யன்னலில் ஏரி செம்பு நிறமாகக் கிடந்தது. அக்கரையில் மரங்கள் தீப்பிடித்தது போல நின்றன. இந்த அறையைத்தான் கணவரின் முழங்காலுக்காகக் கீழ்த்தளத்தில், கொஞ்சம் கெஞ்சிக் கேட்டு எடுத்திருந்தேன். அவர் இதைப் பார்த்திருக்கவேண்டும் என்று தோன்றியது. தோன்றியதும் அவர்மேல் கோபம் கூடியது. படம் பிடித்து அனுப்பினேன். "வடிவாயிருக்கு" என்று பதில் வந்தது. சற்றுப் பொறுத்து, "நான் வந்திருக்கவேணும்" என்று இன்னொன்று. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

அக்கா அதற்குள் முற்றாக மாறியிருந்தா. எட்டு மணிக்கு முன் எழும்பமாட்டா. பாண் ஆறிவிட்டது, இன்னும் இரண்டு துண்டு சூடாகத் தாருங்கள் என்று தன் ஆங்கிலத்தில் தானே கேட்பா. வேல்ஸில் கடைசி விடுதியில் தலையணை தட்டையாக இருக்கிறது என்று மாற்றி வாங்கினா. தலையணையை அணைத்துக்கொண்டு, "கேட்டாத் தருகினம்" என்றா, பெரிய இரகசியம் ஒன்றைக் கண்டுபிடித்தவ போல.

பதின்மூன்றாம் நாள் பின்னேரம் லண்டன் திரும்பினோம். காரை வாசலில் விட்டேன். கீறல் இல்லை. கதவைத் திறந்தது அத்தான். கொஞ்சம் மெலிந்திருந்தார், அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். பன்னிரண்டு நாளும் சேர்த்துவைத்த கோபத்தில் எதைச் சொல்வது என்று தெரியாமலோ என்னவோ, கடைசியில் சொன்னார்: "பசிக்குது."

அக்கா குசினிப் பக்கம் போவா என்றுதான் நினைத்தேன்.

அவ கோட்டைக் கழற்றி அத்தானின் கையில் கொடுத்தா. "எங்களுக்கும்தான். நாலு மணித்தியாலமாக் கார். என்ன சமைச்சிருக்கிறியள்?"

பிறகு என் கணவர் அண்ணனைத் தாண்டிக்கொண்டு குசினிக்குள் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பானை வைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அத்தானும், கோட்டைக் கையில் வைத்தபடியே, உள்ளே போனார். "அரிசி கழுவினனியோ?" என்று அவர் கேட்பதும் "ரெண்டு தரம்" என்று இவர் சொல்வதும் கேட்டன.

நாங்கள் இருவரும் முன் அறையில், சப்பாத்துக்கூடக் கழற்றாமல், கதிரையில் சாய்ந்திருந்தோம். முக்கால் மணித்தியாலத்தில் சோறும் பருப்பும் பொரித்த முட்டையும் வந்தன. சோறு குழைந்திருந்தது. குழைந்துபோச்சு என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டோம்.